முகம் கழுவிப் பேர் சொல்லணும்

பை கால்ல இடிக்குதா மைனி? இந்தா, இப்படி நகட்டி வச்சிக்கிடுதேன். உள்ள ஒண்ணுமில்ல, ஒரு கிழிஞ்ச நைட்டி, சீப்பு, துண்டு, ஒரு செம்பு. செம்புதான் இடிச்சிருக்கும். எங்க ஆளுக எல்லாம் காலையிலயே வேன்ல போயிட்டாக, அதுலயே போட்டு விட்டிருக்கலாம். ஆனா இந்தப் பைய மட்டும் நான் யார் கையிலயும் குடுக்கிறது கிடையாது.

குடிக்கத் தண்ணி வச்சிருக்கியளா? அவசரத்துல பஸ் ஏறினதுல என் பாட்டில் கோவில்பட்டியிலயே நின்னுபோச்சு. ரொம்ப நல்லது மைனி.

என்ன அப்படிப் பாக்கிய? மோந்து பாத்ததையா? அட, தப்பா நினைக்காதிய. உங்க தண்ணியில ஒண்ணும் கிடையாது, நல்ல தண்ணிதான். இது தொழில் பழக்கம். நாடகத்துல நான் இப்படித்தான் தண்ணிய மோந்து பாப்பேன், அது கையில ஒட்டிக்கிடுச்சு. டிரைவர்மாருக்கு வீட்டுல நாற்காலியில உக்காந்தாலும் காலு பிரேக்கத் தேடுமாம்லா, அது மாதிரி.

நாடகம்னா டி.வி. நாடகம் இல்ல, தெரு நாடகம். நீங்க பாத்திருப்பிய. பஸ் ஸ்டாண்டுல, சந்தையில தப்பு அடிச்சு வட்டமா நின்னு ஆடுவோம். டெங்குக்கு ஆடியிருக்கோம், காசநோய்க்கு ஆடியிருக்கோம், ஓட்டுப் போடுங்கன்னு ஆடியிருக்கோம். கொஞ்ச வருசமா மனநலம். ஜோதிராஜ் அண்ணாச்சின்னு ஒருத்தர், அவுகதான் எங்க குழுவுக்குத் தலைவர், பாட்டும் அவுகதான் எழுதுவாக. பைத்தியம்ங்கிற வார்த்தையையே எங்க குழுவுல சொல்லக் கூடாது. மனநலம் பாதிக்கப்பட்டவங்கன்னு சொல்லணும். வேடிக்கை பாக்க வந்தவன் எவனாவது அந்த வார்த்தையச் சொன்னாக்கூட நான் நாடகத்த நிப்பாட்டிட்டுத் திருத்துவேன். எனக்கு அதுல அவ்வளவு கண்டிப்பு.

அதுல நான்தான் பொன்னி. பொன்னி கல்யாணமாகி மாமியா வீட்டுல இருக்கா, பிள்ள பெத்த பொறவு ஒரு மாதிரி ஆயிடுதா. ஆளில்லாத இடத்துல இருந்து யாரோ கூப்பிடுத மாதிரி கேக்கு. தண்ணியில என்னமோ கலந்துட்டாகன்னு குடிக்க மாட்டேங்கா. மாமியா பேயோட்டுத கோடாங்கிகிட்டக் கூட்டிட்டுப் போறா, அவன் வேப்பங்குழையால அடிக்கான், பொறவு சங்கிலி போட்டுக் கெட்டுதாக. கடைசியில நர்சம்மா வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி, மாத்திரை குடுத்து, பேசிப் பாத்து, பொன்னி தெளியுதா. எல்லாரும் கூடி நின்னு பாடுவோம். மறைச்சு வைக்காதீக, வெக்கப்படாதீக, நம்ம வீட்டு மனுசிதானன்னு வரும் அந்தப் பாட்டு.

அந்தத் தண்ணி இடம் முன்ன வெறும் கூப்பாடா இருந்துச்சு. 'ஐயோ விஷம், ஐயோ விஷம்'னு கத்தணும். சனங்க சிரிக்கும். நான் வந்துதான் அத மாத்தினேன். நான் கத்துதது கிடையாது. செம்பு எடுப்பேன். உள்ளங்கையில கொஞ்சம் ஊத்துவேன். மூக்குகிட்டக் கொண்டு போயி மெதுவா மோந்து பாத்துட்டு, கையை ஒதறிட்டு, பக்கத்துல நிக்கவகிட்டச் சாதாரணமா, சோறு வெந்துட்டான்னு கேக்க மாதிரி, 'இதத் தொட்டது யாரு?'ன்னு கேப்பேன். அவ்வளவுதான். சந்தையே கப்புன்னு ஆயிடும் மைனி.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா ஒரு தடவ பாத்துட்டு என் கையப் பிடிச்சுக்கிட்டாக. 'அப்படியே இருக்கும்மா. எங்க பார்த்துக் கத்துக்கிட்டீங்க?'ன்னு கேட்டாக. தானா வருது டாக்டர்னு சொல்லிட்டேன். பின்ன என்ன சொல்லச் சொல்லுதிய? எங்க அக்காகிட்ட இருந்துன்னா சொல்ல முடியும்?

ஆமா. அக்காதான். கூடப் பொறந்தவ, எனக்கு மூத்தவ, சண்முகக்கனி. உங்ககிட்டச் சொன்னா என்ன, நீங்க கங்கைகொண்டான்ல இறங்கிப் போகப் போறிய.

நல்லாத்தான் இருந்தா. நாகர்கோவில் பக்கம் கெட்டிக் குடுத்தாக. கொஞ்ச நாள்ல கொண்டாந்து விட்டுட்டுப் போயிட்டாக. அம்மா இருந்த வரைக்கும் அம்மா பாத்தா, பொறவு நான். எங்க வீட்டுக்காரர் தங்கமான மனுசர்னு சொல்ல மாட்டேன், ஆனா வாய் தொறந்து வேண்டாம்னு சொல்லல. மாத்திரைய நானே என் கையால குடுப்பேன். குடுத்தா அவபாட்டுக்கு இருப்பா. தையக்கடையில இருந்து ஜாக்கெட் வாங்கியாந்து ஊக்கு வச்சுத் தைப்பா. அவ தச்ச ஊக்கு வரிசை இம்மிகூட விலகாது. என் மக இலக்கியாவுக்குத் தலை பின்னி விடுததும் அவதான். எனக்கு எங்க நேரம், நான் ஊர் ஊராப் போயி விழிப்புணர்வு பண்ணுதேன்.

அந்தத் தண்ணி விசயம் மட்டும் அவகிட்ட இருந்து போகவே இல்ல. மாத்திரை முழுங்கப்போற தண்ணியையும் கையில ஊத்தி மோந்து பாத்துட்டுத்தான் குடிப்பா. முன்ன மாதிரி தொட்டது யாருன்னு கேக்க மாட்டா. மோந்து பாப்பா, லேசா ஒரு சிரிப்புச் சிரிப்பா, குடிச்சிருவா. நான் அடுப்படியில நின்னுக்கிட்டு அதப் பாப்பேன். கை எப்படி வளையுது, கண்ணு எங்க போகுதுன்னு பாத்து வச்சிக்கிடுவேன். அதுல என்ன தப்பு மைனி? ஊரெல்லாம் சினிமாவப் பாத்து நடிக்குது, நான் வீட்டுல பாத்து நடிச்சேன். அவளுக்கும் ஒண்ணும் குறைஞ்சு போகல.

எங்க தெருவுல யாருக்கும் தெரியாது. காது மந்தம்னு சொல்லி வச்சிருந்தேன். யாராவது வாசல்ல நின்னு கூப்பிட்டா நீ திரும்பிப் பாக்கக் கூடாதுக்கான்னு அவளுக்கும் சொல்லி வச்சிருந்தேன். இல்லாத குரல் கேட்டாத் திரும்பாதீங்கன்னு அவளுக்கு வைத்தியம் பாத்த வேற டாக்டரம்மா சொல்லிக் குடுத்திருந்தாக. இருக்கிற குரலுக்கும் திரும்பாதன்னு நான் சொல்லிக் குடுத்தேன். ரெண்டையும் ஒழுங்காக் கேட்டா, பாவம்.

நீங்க என்ன கேக்கப் போறியன்னு எனக்குத் தெரியும். மறைக்காதீகன்னு பாடுதவ நீயே மறைக்கியேன்னுதான? பாட்டு ஊருக்கு மைனி. வீட்டுல வயசுக்கு வந்த பிள்ள இருக்கு. நாளைக்கு ஒருத்தர் பொண்ணு பாக்க வந்து, பெரியம்மாவுக்கு என்னன்னு கேட்டா, நான் தப்பு அடிச்சுப் பாட்டா பாட முடியும்?

இப்பம் அந்த முகம் கழுவுத விசயத்தச் சொல்லணும். அதச் சொன்னாத்தான் உங்களுக்கு மத்தது விளங்கும்.

எனக்கு முன்னால பொன்னியா நடிச்சது ரெஜினான்னு ஒரு பிள்ள. கல்யாணம் ஆகாத பிள்ள. ஒரு நாள் கடைத்தெருவுல துணி எடுத்துக்கிட்டு நிக்கையில, அவளப் பேசி முடிச்ச மாப்பிள்ள வீட்டுக்காரக அங்க வந்திருக்காக. பக்கத்துல நின்ன ஒருத்தன் கை நீட்டி, 'ஏ, இது பஸ் ஸ்டாண்டுல தலைய விரிச்சுப் போட்டு நின்ன பிள்ளல்லா, பைத்தியம்லா'ன்னுட்டான். நாடகம்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தாக. நெருப்பில்லாமலா அப்படி நடிக்கான்னு கேட்டு, அந்தச் சம்பந்தம் போச்சு. அந்தப் பிள்ளையும் குழுவ விட்டுப் போயிட்டா.

அதுக்குப் பொறவு அண்ணாச்சி ஒரு ஒழுங்கு கொண்டு வந்தாக. பாட்டு முடிஞ்ச உடனே பொன்னி வட்டத்துக்கு நடுவுல வந்து, எல்லாரும் பாக்க, செம்புத் தண்ணியில முகத்தக் கழுவணும். தலைய வாரி முடிஞ்சு, பொட்டு வச்சு, சனங்களப் பாத்துச் சொல்லணும். 'என் பேரு முத்துச்செல்வி. இதுவரைக்கும் நீங்க பாத்தது நடிப்பு. எனக்கு ஒண்ணும் கிடையாது.' அதச் சொல்லாம வட்டத்த விட்டு வெளிய வரக் கூடாது. நல்ல ஏற்பாடுதான, நடிக்கிறவளுக்கும் ஒரு பாதுகாப்பு வேணும்லா?

ஒண்ணு சொல்லட்டுமா? நாடகத்துக்குக்கூட அவ்வளவு கைதட்டு கிடையாது. நான் முகத்தக் கழுவி ஒண்ணும் கிடையாதுன்னு சொன்ன உடனே ஒரு தட்டு தட்டுவாக பாருங்க. பொம்பளைக நெஞ்சுல கை வச்சுப் பெருமூச்சு விடும். சிலது வந்து கன்னத்தத் தொட்டுப் பாக்கும். 'நல்லவேளம்மா, நெசம்னு நினைச்சு உடம்பெல்லாம் ஆடிப்போச்சு'ங்கும். எனக்கும் அந்த நேரம் பிடிக்கும். தண்ணி முகத்துல பட்ட உடனே எல்லாம் கழண்டு விழுந்த மாதிரி இருக்கும்.

எங்க ஊர்ல மட்டும் நான் ஆட மாட்டேன்னு சொல்லியிருந்தேன். அண்ணாச்சியும் சரின்னுதான் இருந்தாக. போன வருசம் அக்டோபர் மாசம், அது மனநல நாள் வர்ற மாசம், பெரிய ஆபீசர்மார் எல்லாம் வாராக, நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டுலதான் வைக்கணும், நீதான் பொன்னி, வேற ஆளு கிடையாதுன்னு ஒரே பிடியா நின்னுட்டாக. என்ன செய்ய? சரின்னேன்.

அக்காகிட்ட சாயங்காலம் வெளிய வராதன்னு சொல்லிட்டு, வெளிப்பக்கம் கொண்டி மட்டும் போட்டுட்டுப் போனேன். பூட்டல. கவனிச்சுக்கிடுங்க, பூட்டல. சங்கிலி போடுத மாமியாவப் பத்தி நாடகம் போடுதவ நான், பூட்டுவேனா? இலக்கியா டியூஷன் விட்டு வந்து கொண்டியத் தொறந்துட்டா. பெரியம்மான்னா அவளுக்கு உசுரு. 'பெரியம்மா, அம்மா நாடகம் நடக்கு, வாங்க'ன்னு கூட்டிட்டே வந்துட்டா.

நான் பாக்கல. ஆட்டத்துல எனக்கு யாரும் கண்ணுக்குத் தெரிய மாட்டாக. செம்பு எடுத்து, கையில ஊத்தி, மோந்து பாத்துட்டுத் தலையத் தூக்குதேன். பொம்பளைக வரிசையில, முதல்ல, கத்திரிப்பூ கலர் சேல கெட்டி, தலை நிறையப் பூ வச்சு, அக்கா உக்காந்திருக்கா. என்னப் பாக்கல. அவ தன் உள்ளங்கையப் பாத்துக்கிட்டு இருக்கா.

நிப்பாட்டியிருக்கணும்ங்கியளா? எப்படி நிப்பாட்ட, முன்னால ஆபீசர்மார் உக்காந்திருக்காக. நான் நடிச்சேன். அன்னைக்கு நடிச்ச மாதிரி நான் என்னைக்கும் நடிச்சது கிடையாது. 'இதத் தொட்டது யாரு?'ன்னு கேட்டப்பம் எனக்கே புல்லரிச்சுது. பொறவு சங்கிலி, ஆஸ்பத்திரி, பாட்டு, எல்லாம் முடிஞ்சு முகத்தக் கழுவினேன். பேரச் சொன்னேன். எனக்கு ஒண்ணும் கிடையாதுன்னேன். தட்டுனாக.

தட்டி ஓயல, அக்கா எந்திரிச்சுட்டா. யாரும் தடுக்கல. நல்ல சேல, நல்ல நடை, எங்க குழு ஆளுன்னுதான் நினைச்சிருப்பாக. நேரா நடுவுல வந்து என் கையில இருந்த செம்ப வாங்கினா. மோந்து பாக்கல மைனி. அத்தன வருசத்துல முதல் தடவையா அவ தண்ணிய மோந்து பாக்காம அப்படியே எடுத்து முகத்துல அடிச்சா. முந்தானையால தொடச்சா. சனங்களப் பாத்துத் திரும்பினா. 'என் பேரு சண்முகக்கனி. இதுவரைக்கும் நீங்க பாத்தது நடிப்பு. எனக்கு ஒண்ணும் கிடையாது'ன்னா. குரல் கொஞ்சங்கூட நடுங்கல.

தட்டுனாக பாருங்க தட்டு. எனக்குத் தட்டினத விட அதிகம். ஆபீசர் எந்திரிச்சு நின்னு தட்டுதாரு. அண்ணாச்சியும் சமாளிச்சுக்கிட்டுத் தட்டுனாக. எங்க எதிர்வீட்டுக்காரி மட்டும் என்னப் பாத்து, 'காது கேக்காத உங்க அக்கா கணீர்னு பேசுதாகளே'ன்னா. அக்கா அப்படியே நின்னு அந்தத் தட்டக் கேட்டா. அவ கல்யாணத்தன்னைக்குக்கூட அப்படி ஒரு சிரிப்ப நான் அவ முகத்துல பாக்கல.

வீட்டுக்கு நடந்து வாரோம். நான் கோவத்துல விறுவிறுன்னு முன்னால போறேன். அவதான் என் கையப் பிடிச்சா. 'ஏட்டி, உனக்கும் வருதாட்டி? இத்தன வருசமா எனக்கு மட்டும்தான் அந்த வாடைன்னு நினைச்சேன். நீயும் மோந்து பாத்த. என்ன மாதிரியேதான் மோந்து பாத்த. எங்கிட்டச் சொல்லாம இருந்திருக்கியே'ன்னு சொல்லி அழுதா. எனக்காக அழுதா மைனி.

'யக்கா, அது நடிப்புக்கா'ன்னேன்.

'ஆமாட்டி, நானும் அதத்தான சொன்னேன்'னா.

அதுக்குள்ள வீடு வந்துட்டு.

மறுநாள் மாத்திரை குடுக்கேன், வேண்டாங்கா. அதான் முகம் கழுவியாச்சே, எல்லாரும் தட்டியாச்சே, பொறவு என்னத்துக்கு மாத்திரைங்கா. வாயில வச்சா துப்புதா. ஆனா என் தண்ணி மேல மட்டும் ஒரு கண்ணு. நான் டம்ளர எடுத்தா ஓடி வருவா, வாங்கி, மோந்து பாத்து, 'சுத்தம், குடி'ன்னு நீட்டுவா. எங்க வீட்டுக்காரர் தலையில அடிச்சிக்கிட்டாரு. எனக்கும் எரிச்சல்தான். ஆனா சும்மா சொல்லக் கூடாது, அவ பாத்துக் குடுத்த தண்ணியக் குடிக்கையில ஒரு நிம்மதி இருந்துச்சு. அது ஏன்னு எனக்குத் தெரியல.

பொறவு மோசமாயிட்டா. செம்ப எடுத்துக்கிட்டுத் தெருவுல இறங்கிடுவா. குழாயடியில நிப்பா, டீக்கடை முன்னால நிப்பா, முகத்தக் கழுவி, 'என் பேரு சண்முகக்கனி, எனக்கு ஒண்ணும் கிடையாது'ன்னு சொல்லிட்டு நிப்பா. தட்டுவாகன்னு நிப்பா. முதல்ல பள்ளிக்கூடத்துப் பிள்ளைக தட்டிச்சு. நாலு நாள்ல அதுகளும் விட்டுட்டு. தட்டலன்னா சரியாக் கழுவலன்னு நினைச்சு மறுபடியும் கழுவுவா. கன்னத்துத் தோலு எல்லாம் சிவந்து போச்சு. சேலை நனைஞ்சு ஒட்டிக்கிட்டு, ஊரே நின்னு பாக்கும். நான் கட்டிக் காத்ததெல்லாம் போச்சு. அந்தப் பைத்தியக்காரி ஒரே சாயங்காலத்துல என் மானத்தக் கொண்டுபோயி நடுத்தெருவுல...

மன்னிச்சிக்கிடுங்க. மனநலம் பாதிக்கப்பட்டவ. நான் அந்த வார்த்தையச் சொல்லுதவ கிடையாது. வயித்தெரிச்சல்ல வந்துட்டு.

என் சங்கடம் என்னன்னா, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா? எந்திரிச்சு வாரதுக்கு முன்னால ஏட்டி, நான் வரட்டுமான்னு கேட்டிருக்கலாம்லா? அவளுக்காகத்தான ஊர் ஊராப் போயித் தொண்ட கிழியப் பாடுதேன்.

தாழையூத்து தாண்டி ஒரு காப்பகம் இருக்கு. பொம்பளைகளுக்கு மட்டும். நல்ல இடம், மரமெல்லாம் இருக்கு, சிஸ்டரம்மாமார் அன்பாப் பாப்பாக. அங்க கொண்டு போயி விட்டோம். கேட்டுகிட்ட வந்ததும் என் சேலத்தலைப்பப் பிடிச்சிக்கிட்டா. 'இது எப்பம்ட்டி முடியும்?'ன்னா. நான் சீக்கிரம்கான்னேன். 'முடிஞ்ச உடனே செம்பக் கொண்டா, கழுவிட்டு வந்துடுதேன்'னா. நான் திரும்பிப் பாக்காம வந்து பஸ் ஏறிட்டேன்.

அதுல இருந்து எங்க ஆடினாலும் முகத்தக் கழுவுத நேரம் வந்து, செம்புத் தண்ணிய எடுத்தா கை முதல்ல மூக்குக்குத்தான் போகுது. அது நாடகத்துல இல்லாத இடம், பொன்னி தெளிஞ்ச பொறவு வர்ற இடம், அங்க மோந்து பாக்கக் கூடாது. அண்ணாச்சி ஒரு தடவ முறைச்சுப் பாத்தாக. வீட்டுலயும் அப்படித்தான். வாடையா? வாடைன்னு சொல்ல முடியாது. குழாய்த் தண்ணியில மருந்து போடுதாகல்லா, அதுதான். இலக்கியாவக் கூப்பிட்டு மோந்து பாருன்னேன். ஒண்ணும் வரலம்மாங்கா. சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும். சில நேரம் தண்ணி எடுத்துக்கிட்டு நிக்கையில, சுத்தம், குடின்னு பின்னால கேக்க மாதிரி இருக்கும். திரும்ப மாட்டேன். திரும்பக் கூடாதுன்னு எனக்குத் தெரியும்லா. குடிச்சிருவேன்.

பயமாத்தான் இருக்கு மைனி. வேற யார்கிட்டச் சொல்ல.

போன வாரம் சிஸ்டரம்மா போன் பண்ணினாக. 'உங்க அக்கா நல்லாயிட்டாங்க. ஒழுங்கா மாத்திரை சாப்பிடுறாங்க, தையல் வேலை பார்க்கிறாங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. எப்ப வர்றீங்க?'ன்னு கேட்டாக. இது முதல் போன் இல்ல. முன்ன பிள்ளைக்குப் பரீட்சைன்னேன். பொறவு வீடு மாத்துதோம்னேன். இந்தத் தடவ நான் வாயத் தொறக்கும் முன்ன அக்கா கையில போனக் குடுத்துட்டாக.

'ஏட்டி செல்வி, நல்லா இருக்கியா?'ன்னா. தெளிஞ்ச குரல். சின்னதுல என்னப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போவாள்லா, அப்பம் இருந்த குரல். இருக்கேன்கான்னேன். பொறவு மெதுவாக் கேட்டா. 'உன் தண்ணிய இப்பம் யாரு பாத்துக் குடுக்கா?'

நான் போன வச்சுட்டேன்.

இப்பம் எங்க போறேன்னு கேட்டியள்லா. அங்கதான். அந்தக் காப்பகத்துலதான் இன்னைக்கு நாடகம். மனநல நாளுல்லா. அண்ணாச்சி எங்கிட்டக் கேக்காமலே ஒத்துக்கிட்டாக. அங்க மட்டும் அந்த முகம் கழுவுதது வேண்டாமேன்னு கெஞ்சிப் பாத்தேன். 'அங்கதாம்மா கட்டாயம் வேணும். சொல்லாம விட்டா உன்னையும் அவங்கள்ல ஒருத்தின்னுல்லா நினைச்சிருவாக, பாக்க வந்தவுக'ன்னாக. அதுவும் நியாயந்தான்.

அக்கா முதல் வரிசையில இருப்பா. நான் முகத்தக் கழுவி, பேரச் சொல்லி, எனக்கு ஒண்ணும் கிடையாதுன்னு சொன்ன உடனே அவ எந்திரிப்பா. அவ மட்டும் எந்திரிச்சா பரவாயில்ல. அங்க இருக்கிற அத்தன பொம்பளைகளும் எந்திரிச்சு, செம்புக்குக் கை நீட்டிக்கிட்டு வரிசையா வந்துட்டா நான் என்ன செய்ய? செம்புல அவ்வளவு தண்ணி கிடையாது. அத்தன பேருக்கும் கை தட்டுதது யாரு?

கூட்டிட்டு வருவியான்னு கேக்கிய. பாக்கணும். நாடகம் முடிஞ்ச கையோட வேன்ல ஏறணும், வேன்ல இடம் இருக்காது. தீபாவளி கழியட்டும்னு சொல்லலாம்னு இருக்கேன். வரமாட்டேன்னு சொல்லல. எனக்கு அவ முகத்தப் பாக்கணும்னு இருக்கு, அவ என் கையப் பாத்துருவாளோன்னும் இருக்கு.

ஏன் மைனி எந்திரிச்சுட்டிய? கயத்தாறுதான தாண்டியிருக்கு, கங்கைகொண்டான் இன்னும் வரலியே. முன்னால காத்து வருமா? இங்கயும் வருதே. நீங்க வேணா ஜன்னல் பக்கம் உக்காருங்க, நான் மாறிக்கிடுதேன். ஒத்தையில உக்காந்து வந்தா எனக்குப் பேச ஆளில்ல. சரி, உங்க இஷ்டம்.

உங்க பாட்டில விட்டுட்டுப் போறிய. பாதித் தண்ணி இருக்கு. நான் வாய் வச்சுக் குடிக்கல மைனி, அண்ணாந்துதான் குடிச்சேன், நீங்க பாத்தியள்லா. வேண்டாமா? நானே வச்சிக்கிடவா?

மைனி. இங்க பாருங்க. மைனி, உங்களத்தான். கண்டக்டர் தம்பி, அந்தப் பச்சச் சேல மைனியக் கொஞ்சம் கூப்பிடுங்க, அவுகளுக்குக் காது கேக்கல போல. எல்லாரும் எதுக்கு என்னயே பாக்கிய? அவுக என்னத் தப்பா நினைச்சுட்டாக, அவ்வளவுதான்.

இருங்க, இந்தத் தண்ணியிலயே முகத்தக் கழுவிக்கிடுதேன். இந்தா, கழுவிட்டேன். என் பேரு முத்துச்செல்வி. இவ்வளவு நேரம் நீங்க பாத்தது நடிப்பு. எனக்கு ஒண்ணும் கிடையாது.